வழிகாட்டி சொல்லாத கதை

தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் ‘நான் சென்ற சுற்றுலா’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரையாவது எழுதாமல் ஆறாம் ஆண்டைத் தாண்டியிருக்க முடியாது. அதிகாலையில் எழுந்து காலைக்கடன்களை முடிப்போம். பேருந்தில் ஏறுவோம். வழியெங்கும் இயற்கைக் காட்சிகள் கண்ணுக்கு விருந்தளிக்கும். கடைசியில், “அனைவரும் களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்பினோம்” என்று முடிப்போம். ஆசிரியரும் சிவப்பு மையால் ஒரு சரி போட்டுக் கொடுப்பார்.

அண்மையில் நான் சென்ற சுற்றுலாவை அப்படி முடிக்க முடியவில்லை. களைப்பு இருந்தது, மகிழ்ச்சியும் ஓரளவு இருந்தது. ஆனால் அவற்றோடு ஓர் உறுத்தலும் சேர்ந்தே ஸ்கூடாய்க்குத் திரும்பி வந்தது. அந்த உறுத்தலைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வரலாறு, உணவு, ஒயின்

வெளிநாடுகளிலிருந்து ஒரு பருவத்திற்கு மட்டும் படிக்க வந்த பரிமாற்ற மாணவர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட ஒரு நாள் பயணம் அது. உள்ளூர் மாணவர் நால்வர் உதவியாளர்களாகப் போனோம். ‘போர்த்துகீசிய மலாக்கா: வரலாறு, உணவு, ஒயின்’ என்று துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காலை ஆறரைக்குப் பேருந்து கிளம்பியது. சுமார் 200 கிலோமீட்டர் தூரம். பாகோ ஓய்விடத்தில் நாசி லெமாக், பிறகு ஆயர் குரோ சுங்கச்சாவடி, அடுத்து மலாக்கா.

வழிகாட்டி நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். நகைச்சுவையாகப் பேசினார். சந்தியாகோ கோட்டை வாசலில் எங்களை நிறுத்தி, 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தது, மசூதிகளையும் அரச கல்லறைகளையும் இடித்த கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியது, 1641-இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றியது, 1807-இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கியது என அடுக்கினார். இன்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாசல்தான். அதன் முகப்பில் தெரியும் 1670 என்ற ஆண்டுகூடப் போர்த்துகீசியருடையதன்று, டச்சுக்காரர்கள் பொறித்தது. இதையெல்லாம் அவர் தெளிவாகச் சொன்னார்.

குன்றின்மேல் கூரையில்லாத பழைய தேவாலயம். 1521-இல் கட்டப்பட்டது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் 1553-இல் இங்கேதான் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்தது. வெளியே அவருடைய சிலை, ஒரு கை உடைந்த நிலையில் நிற்கிறது. அதன் முன் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஒரு பரிமாற்ற மாணவி என்னைப் பார்த்து, பிறகு வழிகாட்டியைப் பார்த்து, “இவருடைய மக்கள்? இந்தியர்கள் இங்கே எப்போது வந்தார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஓ, அவர்கள் பிறகு வந்தவர்கள். ஆங்கிலேயர் ரப்பர் மரம் வெட்டக் கூட்டி வந்தார்கள்” என்று சொல்லிவிட்டு அவர் குன்றிலிருந்து இறங்கத் தொடங்கினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் வாய் திறக்கவில்லை?

இரண்டு காரணங்கள். முதல் காரணம், அவர் சொன்னது என் குடும்பத்தைப் பொறுத்தவரை உண்மை. என் கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்திற்குத்தான் வந்தார். பால்வாளியும் கத்தியும்தான் எங்கள் குடும்பச் சொத்து. அதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டாம் காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், வரலாற்றுப் பாடத்தில் மலாக்காவின் வீழ்ச்சி வந்தது. ‘செஜாரா மெலாயு’ சொல்லும் சி கித்துல், ராஜா மெண்டலியார் கதை உங்களுக்கும் நினைவிருக்கும். கடன்பட்ட கித்துல் மெண்டலியாரிடம் கோள் மூட்டுகிறான். மெண்டலியார் லக்சமானாவிடம் ஓடுகிறார். சுல்தான் பெண்டஹாரா துன் முத்தாகிரைக் கொல்ல ஆணையிடுகிறார். உள்ளே உடைந்த மலாக்கா வெளியிலிருந்து வந்த பீரங்கிக்கு விழுகிறது. வகுப்பில் நாங்கள் மூன்று பேர்தான் தமிழர்கள். ஆசிரியர் பாடத்தைத்தான் நடத்தினார். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மணி அடித்ததும் எனக்குப் பெயர் வந்துவிட்டது. அந்த ஆண்டு முழுக்க நான் ‘சி கித்துல்’.

வேடிக்கைக்குச் சொன்னார்கள், நானும் சிரித்தேன். இருந்தாலும் அன்றிலிருந்து மலாக்கா, போர்த்துகீசியர் என்ற பேச்சு வந்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. குன்றின்மேல் அந்த மாணவி கேட்டபோதும் குனிந்துகொண்டேன். பதில் சொல்ல எனக்கு என்ன தெரியும்? ரப்பருக்கு முன்னால் நம்மவர்கள் இங்கே இருந்தார்கள் என்று மேலோட்டமாகத் தெரியும். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் படித்ததைச் சொன்னார். நான் படிக்காததால் சும்மா இருந்தேன்.

மேசையில் கிடைத்த பாடம்

மதிய உணவு உஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பில். 1930-களில் உருவான இந்தக் கடலோரக் குடியிருப்பில் கிறிஸ்தாங் மக்கள் வாழ்கிறார்கள். சுட்ட மீனும், கடுகும் காடியும் மணக்கும் ‘டெவல்’ கறியும், சூஜி கேக்கும் வந்தன. கிறிஸ்துமஸ் விருந்தில் மீந்த இறைச்சியைப் போட்டுச் சமைக்கும் கறியாம் அது. உறைப்பு நம் வீட்டு உறைப்புதான். அதில் ஊற்றும் காடிதான் புதிது. கோவாவின் ‘விண்டாலு’ என்ற பெயரிலேயே போர்த்துகீசிய மொழியின் ஒயினும் பூண்டும் இருக்கின்றன. கப்பலில் ஒயினில் ஊறி வந்த இறைச்சி, ஆசியக் கரைக்கு வந்தபிறகு காடியில் ஊறத் தொடங்கியது.

அறிக்கையில் சொன்ன ஒயினும் வந்தது. முஸ்லிம் நண்பர்களுக்குத் தனி உணவகத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் மேசையில் பரிமாற்ற மாணவர்கள் ஒயினை முகர்ந்து, சுழற்றி, அதன் ஊரையும் திராட்சையையும் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தாத்தா வேலை செய்த தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. சம்பள நாளன்று குழந்தைகள் பயந்து ஒளிந்துகொண்ட கதைகளைத்தான் பாட்டி சொல்வார். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. ஒருவர் வீட்டு மது பண்பாடாகவும் இன்னொருவர் வீட்டு மது அவமானமாகவும் ஆனது எப்படி என்று யோசித்தபடி நான் சிராப் குடித்தேன்.

பரிமாறிய ஆன்டிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம். “உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?” என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். “மெசா” என்றார். தமிழில் மேசை என்றேன். சன்னலைக் காட்டினார்: “ஜனேலா.” சாவியைக் காட்டினார்: “சாபி.” அவர் சிரித்துவிட்டார். “நீ எங்கே கிறிஸ்தாங் படித்தாய்?” என்று கேட்டார்.

சன்னல், மேசை, அலமாரி, சாவி, பீப்பாய், ஏலம், பாதிரியார். இவையெல்லாம் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மலாயில் ஜெண்டெலா, மேஜா, அல்மாரி என்று அவற்றில் சில இருக்கின்றன. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசியப்பள்ளியிலும் நான் உட்கார்ந்திருந்தது ஒரே மேசையில்தான் போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

கிளம்பும்போது ஆன்டி சொன்னது மனத்தில் தங்கிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்களாம். சமையலறையில் திட்டும்போது மட்டும் அவர் கிறிஸ்தாங்கில் திட்டுவாராம். “திட்டு அவர்களுக்குப் புரிகிறது. அதுவரைக்கும் மொழி உயிரோடு இருக்கிறது” என்றார். பிறகு என்னைக் கேட்டார்: “உனக்குப் பள்ளிக்கூடமே இருக்கிறதே, நீ வீட்டில் தமிழ் பேசுகிறாயா?”

பேசுகிறேன் என்று சொன்னேன். தம்பியோடு பேசுவது பாதி ஆங்கிலம் என்பதைச் சொல்லவில்லை.

படித்துத் தெரிந்துகொண்டது

திரும்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்தேன். வழிகாட்டிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தை நிர்வகிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கெலிங் வணிகர்கள் இருந்தார்கள். போர்த்துகீசியரான தோமே பிரெஸ் 1512-க்கும் 1515-க்கும் இடையில் எழுதிய ‘சுமா ஓரியந்தால்’ நூலில், மலாக்கா வணிகத்தில் அவர்களுக்கிருந்த பெரும் பங்கைக் குறித்திருக்கிறார். பள்ளி மைதானத்தில் வசைச்சொல்லாக நம் காதில் விழுந்த அதே ‘கெலிங்’தான், ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த நூலில் கப்பல் வைத்திருந்த வணிகர்களின் பெயர்.

அவர்களில் ஒருவர் நீனா சட்டு. நயினா செட்டி என்பதன் திரிபாகக் கொள்ளத்தக்க பெயர். இந்து வணிகர். 1509-இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு இவர் உதவினார். நகரம் விழுந்தபின் அல்புகெர்க் இவரை இந்துக்களின் தலைவராக்கினார். போர்த்துகீசிய அரசோடு கூட்டாகக் கப்பல் அனுப்பி வணிகம் செய்தார். 1514-இல் அதே போர்த்துகீசியர்கள் பதவியைப் பிடுங்கிக் கம்பார் மன்னரிடம் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் நீனா சட்டு தீ மூட்டி அதில் பாய்ந்து உயிர்விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இவரைத் தியாகி என்று சொல்லலாமா? முடியாது. துரோகி என்று சொல்லலாமா? சிறைப்பட்டவனுக்குச் சோறு போட்டவர், ஆதாயம் பார்த்த வணிகர், அன்னியனை நம்பி ஏமாந்தவர் என்று எல்லாமாகவும் அவர் இருந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். கோள் கேட்டு சுல்தான் கொல்லச் செய்த பெண்டஹாரா துன் முத்தாகிர் இந்தியத் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர். அப்படியானால் அந்தக் கதையில் கோள் சொன்னவனும் நம்மவன், அதற்குப் பலியானவரும் நம்மவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால், ‘சி கித்துல்’ என்று அழைத்தவனிடம் சிரித்துக்கொண்டே, “பெண்டஹாராவும் நாங்கள்தான்” என்று சொல்லியிருப்பேன்.

சவேரியார் கதையிலும் தமிழ் இருக்கிறது. 1545-இல் மலாக்காவுக்கு வருமுன் அவர் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே பணியாற்றினார். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் அக்கரைக்கு வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்ஸ் தமிழைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளிலேயே அச்சேறிய முதல் எழுத்து நம்முடையது. உடைந்த கையோடு நிற்கும் அந்தச் சிலைமுன் படம் எடுத்த நாங்கள் யாரும் இதை அறிந்திருக்கவில்லை.

அன்று மாலை எங்கள் பேருந்து காஜா பெராங் பக்கம் போகவே இல்லை. அங்கேதான் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். சுல்தான்கள் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள், இன்றுவரை சைவர்கள். பொங்கலை ஒட்டி மூதாதையருக்குப் படையல் போடும் சடங்கை ‘பார்ச்சு’ என்கிறார்கள். என் காதுக்கு அது ‘படைச்சு’ என்றே கேட்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது மலாய். துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலைக் கடந்து நடந்தபோது, “பழைய கோயில்” என்ற இரண்டு சொற்களோடு வழிகாட்டி தாண்டிவிட்டார்.

செட்டிகள் கோயிலைக் காப்பாற்றினார்கள், மொழி போய்விட்டது. கிறிஸ்தாங் மக்கள் ஆட்சி போன பிறகும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகப் பள்ளிக்கூடம் இல்லாமல் அடுப்படியிலேயே மொழியைக் காப்பாற்றினார்கள். அது இப்போது அருகிவருகிறது. நமக்கோ 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப் புத்தகத்தை மூடிவிடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்த மூன்றாவது கதை எப்படி முடியப்போகிறது?

பெருமை போதுமா?

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, அன்றே நாம் கப்பல் ஓட்டினோம்” என்று மார்தட்டக் கிளம்ப வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீனா சட்டு என் பாட்டனார் அல்லர். என் பாட்டனார் பால் மரம் வெட்டியவர். வணிகரைக் காட்டித் தொழிலாளியை மறைப்பது அந்த வழிகாட்டி செய்ததைவிடப் பெரிய தவறு. நீனா சட்டுவின் பதவியோ கப்பலோ நமக்கு வந்து சேரவில்லை. அவரையும் என் பாட்டனாரையும் ஒரே மூச்சில் பேச வைப்பது மொழி ஒன்றுதான். மொழி தெரிந்தவன்தான் ‘பார்ச்சு’வில் ‘படைச்சு’வைக் கேட்பான், ‘ஜனேலா’வில் சன்னலைப் பார்ப்பான். பெருமையும் வெட்கமும் நம்மைப் படிக்கவிடாது. இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முழுக் கதையையும் தெரிந்துகொள்வோம்.

அதற்கு நம் ஜொகூரிலேயே தொடங்கலாம். மலாக்கா விழுந்தபின் அதன் அரச குடும்பம் தொடங்கியதுதான் ஜொகூர் சுல்தானகம். கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் ஜொகூர் லாமா இருக்கிறது. 1587-இல் தோம் பாவ்லோ டி லிமாவின் போர்த்துகீசியப் படை அந்தத் தலைநகரை எரித்து அழித்தது. 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடிக்க ஜொகூர் துணைநின்றது. பயணம் முடிந்த அடுத்த மாதம் நண்பர்கள் மூவரோடு அங்கே போனேன். புல் மூடிய மண்மேடுகள், ஓர் அருங்காட்சியகம், அமைதியாக ஓடும் ஆறு. எங்களைத் தவிர யாருமில்லை. உணவும் இல்லை, ஒயினும் இல்லை; கட்டிக்கொண்டு போன புளிச்சோறுதான். அங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டியாக இருந்தோம்.

ஆகவே நம் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஒரு பரிந்துரை. அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் இன்னொரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு, ஜொகூர் லாமாவுக்கு ஒரு நாளும் மலாக்காவுக்கு ஒரு நாளும் ஒதுக்குவோம். சந்தியாகோ வாசலையும் பார்ப்போம், காஜா பெராங்கையும் பார்ப்போம், உஜோங் பாசிர் ஆன்டியின் கறியையும் சாப்பிடுவோம். ஒவ்வோர் இடத்தையும் ஒரு மாணவர் முன்கூட்டியே படித்து வந்து பத்து நிமிடம் தமிழில் பேசட்டும். அந்தப் பேச்சுகளைத் தொகுத்து ஒரு சிறு கையேடாக அச்சிடலாம். நாட்டில் பயணிகளுக்கு வழிகாட்ட உரிமம் வேண்டும். நம் முன்னாள் மாணவர்களில் யாராவது அதைப் பெற முன்வந்தால், குன்றின்மேல் அந்தக் கேள்வி மீண்டும் கேட்கப்படும்போது பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

அந்தப் பரிமாற்ற மாணவி தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். நூலகத்தில் படித்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். “அன்றே ஏன் சொல்லவில்லை?” என்று பதில் வந்தது. அதற்கு நான் இன்னும் மறுமொழி எழுதவில்லை. இந்தக் கட்டுரையை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த சுற்றுலாக் கட்டுரையை நம்மில் வேறொருவர் எழுதட்டும். “களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்பினோம்” என்று அவர் மனமறிந்து எழுத வேண்டும் என்பதே என் ஆசை.